ஸ்ட்ரெஸ் ஹார்மோனை மாத்திரை குறைக்குமா? ஆரோக்கியப்பச்சை முதல் அஸ்வகந்தா வரை

நீங்கள் பாறசாலையில் காலை ரயில் ஏறி கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆருக்கு பைக் ஓட்டுகிறவராகவும் இருக்கலாம். ராத்திரி 11 மணிக்கு கிளையன்ட் கால். காலையில் எழும்போதே சோர்வு. முடி கொட்டுகிறது. வயிற்றைச் சுற்றி மட்டும் எடை ஏறுகிறது. பெண்களுக்கு பீரியட்ஸ் தேதி தள்ளிப்போகிறது. இதில் ஒன்றை மொபைலில் தேடிவிட்டால் போதும், அன்றிலிருந்து விளம்பரங்கள் துரத்த ஆரம்பித்துவிடும். உங்களுக்கு கார்ட்டிசோல் அதிகம், ஹார்மோன் பேலன்ஸ் போய்விட்டது, இந்த கேப்ஸ்யூலை ஒரு மாதம் எடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்!

வாங்கலாமா, வேண்டாமா? நேரடியாகச் சொன்னால், எந்த ஹார்மோன் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியாமல் அதைச் 'சரிசெய்யும்' மாத்திரையை வாங்குவதில் அர்த்தமில்லை. சில நேரம் ஆபத்தும் உண்டு. ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

இதைப் பேச பாறசாலை பொருத்தமான இடம். இந்தியாவில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு எதிரான மூலிகைத் தயாரிப்புகளில் உலக அளவில் பேசப்பட்ட ஒன்று, இந்த ஊருக்குக் கிழக்கே தெரியும் மலைகளிலிருந்துதான் வந்தது.

காட்டுக் காய் எப்படி 'ஆன்டி-ஸ்ட்ரெஸ்' மருந்தானது?

கேரளத்தின் தென்கோடியில் இருக்கிறது பாறசாலை. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. பாறசாலையிலிருந்து வெள்ளறடை வழியாகக் கிழக்கே போனால் அம்பூரி வரும். அதற்கு மேலே அகத்தியமலைக் காடு. அங்கே வாழ்பவர்கள் காணி பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பக்கம் பேச்சிப்பாறை மலைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

1987-ல் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு தாவரவியல் ஆய்வுக் குழு அகத்தியமலைக்குப் போனது. ஏற முடியாமல் ஆய்வாளர்கள் தளர்ந்துபோக, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்களுக்கோ களைப்பே தெரியவில்லை. அவர்கள் இடையிடையே ஒரு சிறிய காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அதை வாங்கித் தின்ற ஆய்வாளர்கள், தங்களுக்கும் புத்துணர்ச்சி வந்ததாகப் பதிவு செய்தனர். செடி எது என்று சொல்ல காணிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் ஜெய்லானிகஸ்.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இதை வைத்து 'ஜீவனி' என்ற தயாரிப்பை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அந்தப் பணத்தைப் பெற 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று இந்த ஒப்பந்தத்தை உலகமே எடுத்துக்காட்டியது.

அது நியாயமான பாராட்டுதான். ஆனால், நம்முடைய கேள்விக்கு வேறொரு விஷயம் முக்கியம். காணிக்காரர்கள் தின்றது காய். ஜீவனியில் சேர்ந்தது இலை. கூடவே அமுக்கரா (அஸ்வகந்தாவின் தமிழ்ப் பெயர்), திப்பிலி, விஷ்ணுகிரந்தி என்று மூன்று மூலிகைகள். ஆரோக்கியப்பச்சை களைப்பைக் குறைக்கிறது என்பதற்கான ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை.

சொற்கள் எப்படி மாறின என்றும் பாருங்கள். மலையேறும் காணிக்காரரிடம் இருந்த சொல் 'களைப்பு'. தயாரிப்பு பாட்டிலுக்குள் போனபோது அது 'ஸ்ட்ரெஸ்' ஆனது. இன்று அதே வகை மூலிகைகளை விற்கும் விளம்பரங்களில் அது 'கார்ட்டிசோல்', 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று வளர்ந்துவிட்டது. களைப்பு ஓர் உணர்வு. கார்ட்டிசோல் ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒரு ரசாயனம். முதலாவதற்குக் கிடைத்த ஆதாரத்தை வைத்து இரண்டாவதைச் சரிசெய்வதாகச் சொல்ல முடியாது. அதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

இந்த வகை மூலிகைகளுக்கு 'அடாப்டோஜென்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். சோவியத் விஞ்ஞானிகள் 1940-களில் உருவாக்கிய சொல் அது. மருந்தியலிலும் மருத்துவத்திலும் ஏற்கப்பட்ட கலைச்சொல் அல்ல என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2008-லேயே சொல்லிவிட்டது.

கார்ட்டிசோல் வில்லனா?

இல்லை. அது இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாது.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லும், அட்ரினல் கார்ட்டிசோலைச் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை குறையாமல், ரத்த அழுத்தம் விழாமல், வீக்கம் கட்டுக்கு மீறாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. தேவையான அளவு வந்ததும் மூளையே 'போதும்' என்று நிறுத்திவிடும்.

அதற்கு ஒரு தினசரித் தாளமும் உண்டு. விழித்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். பகல் முழுக்கக் குறைந்துகொண்டே வந்து, நள்ளிரவில் அடிமட்டத்தைத் தொடும். அதனால் காலை 8 மணிக்கு 'நார்மல்' ஆன அதே எண், ராத்திரி 11 மணிக்கு நார்மல் அல்ல. நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்தத் தாளமே இடம் மாறியிருக்கும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ரத்தத்தில் மொத்த கார்ட்டிசோல் அளவு கூடுதலாகத் தெரியும். அது நோய் அல்ல. ஆக, ஏதோ ஒரு மத்தியானம் எடுத்த ஒற்றை டெஸ்ட்டை வைத்து, உங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கார்ட்டிசோல் நிஜமாகவே அளவுக்கு மீறும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் குஷிங் சிண்ட்ரோம். அரிதானது. முகம் உருண்டையாவதோடு நிற்காது. வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும் தோல், உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத தொடை பலவீனம், ஏறும் ரத்த அழுத்தம் என்று சேர்ந்து வரும். அதைக் கண்டுபிடிக்க, பின்னிரவில் எடுக்கும் எச்சில் கார்ட்டிசோல், 24 மணி நேரச் சிறுநீர், ராத்திரி டெக்ஸாமெத்தசோன் கொடுத்து காலையில் பார்க்கும் ரத்த டெஸ்ட் எனத் தனி வழிமுறைகள் உள்ளன. இதற்கு நேர் எதிரானது அடிசன் நோய். அதில் கார்ட்டிசோல் போதாது. எடை இறங்கும், தோலும் ஈறும் கறுக்கும், எழுந்தால் தலைசுற்றும், உப்பு கேட்கும். இரண்டுமே சப்ளிமென்ட்டால் குணமாகும் நோய்கள் அல்ல.

'அட்ரினல் ஃபட்டீக்' என்று ஒன்றைச் சொல்கிறார்களே? வேலைப்பளுவால் அட்ரினல் சுரப்பி 'களைத்துப்போகும்' என்ற இந்தக் கருத்தை ஆராய, 2016-ல் பிரேசில் ஆய்வாளர்கள் 58 ஆய்வுகளை அலசினார்கள். அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அவர்களின் முடிவு. உங்கள் சோர்வு பொய் என்று இதற்கு அர்த்தம் அல்ல. சோர்வு நிஜம்தான், காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேட வேண்டும்.

அப்போ என் சோர்வுக்கு என்ன காரணம்?

'ஹார்மோன் இம்பேலன்ஸ்' என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. 'வண்டியில் ஏதோ கோளாறு' என்று சொல்வது மாதிரிதான் அதுவும். எந்த ஹார்மோன் என்பதுதான் முதல் கேள்வி. இளம் வயதினரிடம் அடிக்கடி காணப்படும் காரணங்களைப் பாருங்கள்.

- தைராய்டு குறைவு: சோர்வு, எடை ஏற்றம், முடி உதிர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, பீரியட்ஸ் மாற்றம். சென்னை உள்பட 8 நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருந்தது. ஒரு டி.எஸ்.ஹெச். டெஸ்ட்டில் தெரிந்துவிடும்.
- ரத்தசோகை: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும், கேரளத்தில் 36.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. மூச்சு வாங்குதல், படபடப்பு, முடி உதிர்வு எல்லாம் இதிலும் வரும்.
- பி.சி.ஓ.எஸ்.: பீரியட்ஸ் தள்ளிப்போதல், முகத்தில் முடி, பரு, எடை.
- சர்க்கரை நோயின் தொடக்கம், பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் திணறும் ஸ்லீப் ஆப்னியா.
- மனச்சோர்வு, பதற்றக் கோளாறு. இவையும் மருத்துவம் உள்ள நோய்கள்தான்.

இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலானவற்றை நன்றாகக் குணப்படுத்தவோ கட்டுக்குள் வைக்கவோ முடியும். 'எல்லாம் ஸ்ட்ரெஸ்தான்' என்று சொல்லி 6 மாதம் கேப்ஸ்யூல் சாப்பிட்டால், அந்த 6 மாதமும் தைராய்டு குறைவு சிகிச்சையில்லாமல் ஓடும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு அந்த 6 மாதம் ரொம்பவே பெரிய இழப்பு. இந்த மாத்திரைகளில் உள்ள முதல் ஆபத்து பக்கவிளைவு அல்ல, வீணாகும் காலம்.

அஸ்வகந்தா: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். 2012-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், நீண்டகால ஸ்ட்ரெஸ் இருந்த 64 பேரில் ஒரு குழுவுக்கு தினமும் இரண்டு வேளை 300 மில்லிகிராம் அஸ்வகந்தா வேர்ச்சாறு 60 நாள் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு ரத்தத்தில் கார்ட்டிசோல் சராசரியாக சுமார் 28 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 8 சதவீதம். ஸ்ட்ரெஸ் மதிப்பெண்ணும் இறங்கியது. பிறகு வந்த சில சிறிய ஆய்வுகளும் தூக்கத்திலும் பதற்றத்திலும் ஓரளவு முன்னேற்றம் காட்டின. எனவே, 'எல்லாமே ஏமாற்று' என்று ஒதுக்க முடியாது.

ஆனால், இவை பெரும்பாலும் சில டஜன் பேரிடம், 2-3 மாதம் மட்டும் நடந்த ஆய்வுகள். வருடக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. பங்கேற்றவர்களுக்குக் கொடுத்தது தரம் நிர்ணயித்த வேர்ச்சாறு. நீங்கள் வாங்கும் பாட்டிலில் இருப்பதும் அதேதானா என்பது லேபிளை மட்டும் நம்பி எடுக்கும் முடிவு. இலையைக் கலப்பது பிரச்னையாகி, வேரை மட்டுமே பயன்படுத்துமாறு 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களை அறிவுறுத்த வேண்டியிருந்தது.

கல்லீரல், தைராய்டு: கவனிக்க வேண்டிய இரண்டு

ஆலுவாவைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் தலைமையிலான குழு 2023-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அஸ்வகந்தா எடுத்த பிறகு கல்லீரல் பாதிப்போடு வந்த 23 பேரில், வேறு மூலிகை கலக்காமல் அஸ்வகந்தா மட்டும் எடுத்த 8 பேரை அது விவரித்தது. பெரும்பாலும் மஞ்சள் காமாலையாகத்தான் வந்திருக்கிறது. 8 பேரில் 5 பேருக்கு ஏற்கெனவே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தது. அந்த 5 பேரில் 3 பேர் இறந்துவிட்டார்கள்.

லட்சக்கணக்கானோர் எடுக்கும் மூலிகையில் இது அபூர்வம்தான். ஆனால், ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல் இருப்பது தெரியாதவர்கள், வார இறுதியில் மது அருந்துபவர்கள் இதைப் படித்துவிட்டு யோசிக்க வேண்டும். இன்னொரு தகவல்: அஸ்வகந்தாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் நொதித்தலால் தானாக உருவாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கலாம். லேபிளில் அது அச்சாகியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

தைராய்டு அடுத்தது. அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். தைராய்டு மாத்திரை ஏற்கெனவே எடுப்பவருக்கு இதனால் அளவு மிஞ்சிப்போகலாம்: படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. கவனியுங்கள், இவை மூன்றும் 'ஸ்ட்ரெஸ்' என்று நாம் சொல்கிற அதே அறிகுறிகள்! கர்ப்பிணிகள் அஸ்வகந்தாவைத் தவிர்க்க வேண்டும் என்பதும் பொதுவான எச்சரிக்கை. தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள் மீதான விளைவைக் காரணம் காட்டி டென்மார்க் 2023-ல் இதற்குத் தடையே போட்டது. அந்த முடிவை இந்திய ஆயுர்வேத வட்டாரங்கள் ஏற்கவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு: ஹார்மோனை மாற்றும் சக்தி உள்ள பொருள் என்றால், தேவையில்லாதவருக்கும் அது மாற்றும். 'இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது' என்ற வாதமும், 'ஹார்மோனைச் சரிசெய்யும்' என்ற வாதமும் ஒரே பாட்டிலில் இருக்க முடியாது.

டெஸ்ட்டையே ஏமாற்றும் முடி மாத்திரை

முடி, நகத்துக்கு என்று விற்கப்படும் பல மாத்திரைகளில் பயோட்டின் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாள் தேவையோ சில பத்து மைக்ரோகிராம்தான். மீதி சிறுநீரில் போய்விடும் என்று விட்டுவிட முடியாது. பல லேப்களில் ஹார்மோன் டெஸ்ட்டே பயோட்டினைப் பயன்படுத்தும் முறையில் நடக்கிறது. உங்கள் ரத்தத்தில் அது நிறைய இருந்தால் முடிவு தப்பாக வரும். டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராக்சின் கூடுதலாகவும் தெரியலாம். அதாவது, தைராய்டு குறைவு உள்ளவரின் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். ஒன்றுமே இல்லாதவருக்குத் தைராய்டு அதிகம் என்று வரலாம். சில முறைகளில் கார்ட்டிசோல் அளவும் பொய்யாக ஏறும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இதுபற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் டெஸ்ட் பயோட்டினால் தவறாகக் குறைவாக வந்து, ஒரு நோயாளி இறந்ததையும் அது குறிப்பிட்டது. தைராய்டு டெஸ்ட்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் பரிந்துரை. அளவு அதிகம் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு இன்னும் முன்பே நிறுத்துவது நல்லது.

அதிமதுரம், 'அட்ரினல் சப்போர்ட்', வலிப் பொடி

தொண்டைக் கட்டுக்கு அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடிப்பதில் பிரச்னை இல்லை. ஆனால், அதிமதுரச் சாறு ஸ்ட்ரெஸ் கேப்ஸ்யூல்களிலும் சேர்கிறது. சிறுநீரகத்தில் கார்ட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி உண்டு. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். தினமும் நிறைய எடுத்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கார்ட்டிசோலைக் குறைப்பதற்காக வாங்கிய டப்பாவில், கார்ட்டிசோலின் வேலையைக் கூட்டும் பொருள்!

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைக்கும் 'அட்ரினல் சப்போர்ட்' மாத்திரைகளும் அப்படித்தான். அமெரிக்காவில் விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018-ல் வெளியான ஆய்வில், 12-லுமே தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது, லேபிளே இல்லாத பொடிகளும் குளிகைகளும். மூட்டுவலி, ஆஸ்துமா, உடல்வலிக்கு 'மூணே நாளில் கேட்கும்' என்று தரப்படும் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பது இந்தியாவில் டாக்டர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயம். முதல் வாரம் உடம்பு பறக்கிற மாதிரி இருக்கும். மாதங்கள் போனால் முகம் உருளும், சர்க்கரை ஏறும். சொந்த அட்ரினல் சுரப்பியோ, வெளியிலிருந்து வருகிறதே என்று வேலையை நிறுத்திவிடும்.

அப்படி ஒன்றை மாதக்கணக்கில் எடுத்துவிட்டீர்களா? பயந்துபோய் திடீரென்று நிறுத்தாதீர்கள். தூங்கிவிட்ட அட்ரினல் உடனே விழிக்காது; வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியோடு டாக்டரிடம் போங்கள். படிப்படியாக நிறுத்த வழி செய்வார்.

எதுவுமே உதவாதா?

உதவும், காரணம் தெரிந்தால். ரத்தசோகை உறுதியானால் இரும்புச்சத்து மாத்திரைதான் மருந்து. பி12 குறைந்திருந்தால் பி12. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு இனோசிட்டால் பற்றி 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல் நிதானமாகப் பேசுகிறது: தீங்கு குறைவு, வளர்சிதை மாற்ற அளவுகளில் கொஞ்சம் பலன் இருக்கலாம், விருப்பமிருந்தால் எடுக்கலாம், ஆனால் கருமுட்டை வெளியாவது, தேவையற்ற முடி, எடை ஆகியவற்றில் கிடைக்கும் பலன் குறைவு. இப்படி வரம்போடு சொல்வதுதான் நேர்மையான பரிந்துரை.

நேரமும் முக்கியம். தைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சேராது.

லேபிளில் பார்க்க இரண்டு விஷயங்கள். உணவுச் சப்ளிமென்ட் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்க வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும். முன்பக்கம் 'ஹார்மோனைச் சரிசெய்யும்' என்றும், பின்பக்கம் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் இருந்தால், சட்டப்படி எந்த வரி செல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியில் வைத்தியம் ஒரே இடத்தில் நடப்பதில்லை. தைராய்டுக்குத் திருவனந்தபுரம், மகப்பேறு டாக்டர் மார்த்தாண்டத்தில், உடம்புவலிக்குத் தாத்தா காலத்திலிருந்து பழகிய வைத்தியசாலை, முடிக்கு ஆன்லைன். ஒரு சீட்டு மலையாளத்தில் விளக்கப்பட்டது, இன்னொன்று தமிழில். இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. நான்கும் சேரும் ஒரே இடம் உங்கள் உடம்புதான்.

இதற்கு எளிய வழி உண்டு. வீட்டில் இருக்கும் எல்லா பாட்டில், டப்பா, பொடி, கஷாயத்தையும் மொபைலில் இரண்டு பக்கமும் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். 'வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?' என்று கேட்டால் நம்மில் பலர் 'இல்ல டாக்டர்' என்போம். சப்ளிமென்ட்டையும் கஷாயத்தையும் மருந்துக் கணக்கில் சேர்க்காததால் வரும் பதில் அது. சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போனாலும் இதே நடைமுறைதான்: பதிவு பெற்றவரா என்று பாருங்கள், அலோபதி மாத்திரைகளைக் காட்டுங்கள்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்?

1. 2 வாரம் ஒரு குறிப்பு எழுதுங்கள்: தூங்கிய நேரம், காபி எத்தனை, எடை, பீரியட்ஸ் தேதி, எப்போது சோர்வு அதிகம்.
2. அதோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், ரத்த எண்ணிக்கை, டி.எஸ்.ஹெச்., ஹெச்பிஏ1சி, தேவையென்றால் இரும்பு, பி12, கல்லீரல் டெஸ்ட். கார்ட்டிசோல் டெஸ்ட் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதை நீங்களே ஆன்லைன் பேக்கேஜில் எடுக்க வேண்டாம்.
3. டெஸ்ட்டுக்கு முன் பயோட்டின் உள்ள மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.
4. சப்ளிமென்ட் ஏதாவது பரிந்துரைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் குறைக்கு? எத்தனை நாள்? எதைப் பார்த்து நிறுத்துவது?
5. கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, கடும் அரிப்பு, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் வந்தால், மாத்திரை டப்பாவோடு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

டெஸ்ட் எல்லாம் நார்மலாக வந்து, ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்று உறுதியானால்? அப்போதும் பார்க்க வேண்டியது அந்த 11 மணி கால். வாரத்தில் 2 நாளாவது அதை நகர்த்த முடியுமா என்று மேனேஜரிடம் பேசுவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ரயில் நிலையத்துக்கு நடந்து போவது எல்லாம் கேட்கச் சாதாரணமாக இருக்கலாம். ஆனால் கார்ட்டிசோலின் தாளம் தூக்கத்தையும் வெளிச்சத்தையும் பார்த்துத்தான் நடக்கிறது. பதற்றமோ, எதிலும் பிடிப்பில்லாத மனநிலையோ 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.